பால் பல்லுதானேன்னு விட்டுராதீங்க!



இந்த மாதச் சுவரிதழில் அறிவியல் பக்கம் எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. ராக்கெட் பற்றி எழுது, கம்ப்யூட்டர் பற்றி எழுதுன்னு தோழிகள் சொன்னாங்க. நான் பல்லைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. சிரிச்சா உங்க பல்லையும் எண்ணிருவேன்!

நம்ம ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளையும், பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகளையும் ஒரு நாள் நின்னு பாருங்க. அழகாச் சிரிக்கும். ஆனா நிறையப் பிள்ளைகளுக்கு முன்பல் கறுப்பா இருக்கும், இல்லைன்னா பாதி கரைஞ்சு இருக்கும். கேட்டா பெரியவங்க சொல்றது ஒரே பதில்தான்: "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்." இந்தப் பதில் சரியா தப்பா என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாய்க்குள்ள என்ன நடக்குது?

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயசுக்குள்ள 20 பால் பல்லும் வந்துரும். 6 வயசில் விழ ஆரம்பிக்கும். பெரியவங்களுக்கு மொத்தம் 32 பல்.

எல்லாப் பால் பல்லும் 6 வயசிலேயே விழுறது இல்ல. முன்பல்தான் முதல்ல விழும். கடைவாயில் இருக்கிற பால் பற்கள் 10, 11, 12 வயசு வரைக்கும் இருக்கணும். அதாவது ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வர்ற வரைக்கும் அந்தப் பல்லை வச்சுத்தான் சோறு மெல்லணும். அடியில் வர்ற புதுப் பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிறதும் பால் பல்தான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறோம் இல்லையா, அது மாதிரி. துண்டை முன்னாலேயே எடுத்துட்டா பக்கத்தில் உள்ளவங்க நகர்ந்து உட்கார்ந்துருவாங்க. பல்லும் அப்படித்தான் நகரும். அப்புறம் புதுப் பல் கோணலா வரும்.

இன்னொரு விஷயம். இது அம்மா அப்பா நிறையப் பேருக்குத் தெரியாது. 6 வயசில் எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. அது பால் பல் இல்ல, நிரந்தரப் பல். அது போனா வேற வராது. பின்னாடி ஒளிஞ்சு இருக்கிறதால பிரஷ் அங்கே போகாது. "இதுவும் விழுந்து முளைக்கும்"னு நினைச்சு விட்டுருவாங்க. வாழ்நாள் முழுக்க வேணும்கிற பல் ஏழு, எட்டு வயசிலேயே சொத்தையாகிரும்.

பூச்சியா அரிக்குது?

எங்க ஊர்ப் பக்கம் சொத்தைப் பல்லை "பூச்சிப் பல்லு"ன்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்தில் கண்டங்கத்தரி விதையைப் புகைச்சு, அந்தப் புகையை வாயில் பிடிச்சா பூச்சி விழும்னு நம்பினாங்க. உண்மையில் புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாதான். நாம தின்ன இனிப்பும் மாவும் பல்லில் ஒட்டி இருக்கும். பாக்டீரியா அதைத் தின்னுட்டு அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் பல்லின் மேல் உள்ள எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும்.

நம்ம உடம்பிலேயே கெட்டியான பொருள் இந்த எனாமல்தான், எலும்பை விடக் கெட்டி. தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்தார். 2004-ல் மறுபடியும் தோண்டினாங்க. இந்த மாதிரிப் பழைய இடங்களில் எலும்பு எல்லாம் பொடிஞ்சு போனாலும் பல் நிக்கும்னு சொல்றாங்க. மண்ணுக்குள்ள ஆயிரக்கணக்கான வருசம் நிக்கிற பல், சீனி இருக்கிற வாய்க்குள்ள சில மாதம் கூட நிக்க முடியல, பாத்தீங்களா!

பால் பல்லில் எனாமல் இன்னும் மெலிசு. அதனால சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கிரும்.

நம்ம எச்சில் சும்மா இல்ல. கரைஞ்ச சத்தைத் திரும்பக் கொண்டு வந்து பல்லில் சேர்க்கும். ஆனா அதுக்கு நேரம் வேணும். ஆத்துல ஒரு வண்டி மணல் அள்ளினா அடுத்த வெள்ளத்துல ஆறே கொண்டு வந்து போட்டுரும். ராத்திரி பகலா லாரி லாரியா அள்ளினா? பள்ளம்தான் மிஞ்சும். பல்லும் அதே கதைதான். ஒரு தடவை இனிப்புத் தின்னா அரை மணி நேரம் போல வாயில் அமிலம் இருக்கும். அதனால எவ்வளவு மிட்டாய் தின்கிறோம் என்பதை விட, எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரே நேரத்தில் தின்னு முடிச்ச பிள்ளைக்கு ஒரு தடவைதான் அமிலம். குச்சி மிட்டாயை வாயில் வச்சுக்கிட்டே தெருவைச் சுத்துற பிள்ளைக்கு நாள் முழுக்க அமிலம்.

நம்ம ஊரில் பல்லைக் கெடுப்பவை

அல்வா சாப்பிடாதீங்கன்னு சொன்னா திருநெல்வேலியில் என்னை ஊரை விட்டே தள்ளி வச்சிருவாங்க. நான் அப்படிச் சொல்லல. அல்வா தினமும் யார் வீட்டிலும் கிடையாது. தினமும் நடக்கிறது வேற.

1. பல் விளக்குறதுக்கு முன்னாடியே கையில் சீனி போட்ட காப்பி, அதில் முக்கித் தின்ன பிஸ்கெட். சாயங்காலம் மறுபடியும் அதே.
2. அழுதா அண்ணாச்சி கடைக்குக் கூட்டிட்டுப் போய் மிட்டாய். பல்லில் ஒட்டுற சவ்வு மிட்டாய் ரொம்ப மோசம். கருப்பட்டி மிட்டாய், சீனிச் சேவு கூட ஒட்டும். கருப்பட்டி நல்லதுதானேன்னு கேப்பீங்க. நமக்கு நல்லதா இருக்கலாம். பாக்டீரியாவுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒண்ணுதான்.
3. ராத்திரி சீனிப் பால் பாட்டிலை வாயில் வச்சுக்கிட்டே தூங்குறது. தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைவா ஊறும். பால் விடிய விடிய மேல் முன்பல்லில் தேங்கி நிக்கும். சின்னப் பிள்ளைகளின் மேல் முன்பல் நாலும் கறுத்துப் போறதுக்கு இதுதான் பெரிய காரணம்.
4. இனிப்பான இருமல் மருந்து கொடுத்துட்டு அப்படியே படுக்க வைக்கிறது. மருந்து கொடுக்கணும், ஆனா அப்புறம் வாயைத் துடைச்சு விடணும்.
5. அம்மா மென்னு ஊட்டுறது, ஒரே கரண்டியில் ரெண்டு பேரும் சாப்பிடுறது. பெரியவங்க வாயில் உள்ள பாக்டீரியா பிள்ளைக்குப் போயிரும்.

எங்கள் வீட்டில்

என் தம்பிக்கு 5 வயசு. போன வருசம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சின்னதா ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. ஆச்சி, "விழப்போற பல்லுதானட்டி, அதுக்கா டவுனுக்குத் தூக்கிட்டு அலைவாவ?"ன்னாங்க. ஆச்சி காலத்தில் இவ்வளவு மிட்டாயும் பிஸ்கெட்டும் கிடையாது. அதனால அவங்க சொன்னது அவங்களுக்குச் சரி.

அப்புறம் பொங்கல் கழிச்சு மூணு ராத்திரி அவன் தூங்கல. கன்னம் வீங்கிருச்சு. முட்டையைக் கூட மெல்ல முடியாம துப்பினான். எங்கம்மா பீடி சுத்துறாங்க. தட்டு எடுக்காத நாளில் கூலி கிடையாது. தம்பியைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போனாங்க. பஸ் காசு வேற. கடைசியில் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியதாச்சு. "இந்த இடத்தில் அடுத்த பல் வர இன்னும் 5 வருசம் ஆகும்மா. முதல்லயே வந்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாம்"னு டாக்டரம்மா சொன்னாங்க.

அம்மா வெளியே வந்து ஒண்ணும் பேசல. தம்பியைத் தோளில் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தாங்க.

அன்னையிலிருந்து தம்பிக்குப் பல் விளக்கி விடுறது என் வேலை. அந்த டாக்டரம்மா சொன்னதையும், நான் ஒரு வருசமாச் செஞ்சு பாத்ததையும் கீழே எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைக்குப் பல் விளக்கப் பழக்குவது எப்படி?

- பல் வருமுன்னே தொடங்கணும். பால் குடிச்சதும் சுத்தமான ஈரத்துணியை விரலில் சுத்தி ஈறைத் துடைச்சு விடலாம். வாய்க்குள்ள கை வந்தா பிள்ளை பயப்படாது. முதல் பல் வந்ததும் சின்ன, மெத்தென்ற பிரஷ்.

- மடியில் படுக்க வச்சு விளக்கணும். நின்னுக்கிட்டு விளக்கினா பின் பல் தெரியாது. தரையில் உட்கார்ந்து, பிள்ளை தலையை மடியில் வச்சு, அதன் முகம் மேலே பாக்கிற மாதிரி படுக்க வச்சா எல்லாப் பல்லும் தெரியும். தலையில் பேன் பாக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க.

- முதல்ல பிள்ளை, அப்புறம் நாம. பிரஷைப் பிடுங்கினா அழும். "நீ விளக்கு, மிச்சத்தை அக்கா விளக்குதேன்"னு சொல்லணும். 7, 8 வயசு வரைக்கும் பிள்ளைகளுக்குத் தானா ஒழுங்கா விளக்க வராது. பெரியவங்கதான் ஒரு தடவை முடிச்சு விடணும்.

- கூடவே நாமளும் விளக்கணும். பிள்ளைங்க சொல்றதைக் கேட்காது, செய்றதைப் பாக்கும். நான் கண்ணாடி முன்னாடி அவனை நிறுத்தி, நானும் நுரையோட நின்னேன். இப்ப அவனே கூப்பிடுறான்.

- இரண்டு நிமிசம் வேணும். கடிகாரம் வேண்டாம். மேலே இடது, மேலே வலது, கீழே இடது, கீழே வலது என்று வாயை நாலு பங்காப் பிரிச்சு, ஒவ்வொரு பங்குக்கும் மெதுவா 30 வரை எண்ணினாப் போதும். தம்பி இப்படியே முப்பது வரைக்கும் எண்ணப் படிச்சுட்டான். ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு வேலை மிச்சம்!

- ராத்திரி விளக்குறதுதான் ரொம்ப முக்கியம், ரொம்பக் கஷ்டமும் அதுதான். தூக்கம் வந்த பிறகு கூப்பிட்டா எந்தப் பிள்ளையும் வராது. அதனால தூங்கப் போகும்போது என்று வைக்காம, ராத்திரிச் சோறு தின்னு கை கழுவின உடனே விளக்கிரணும். கை கழுவு, பல் விளக்கு, அப்புறம் டி.வி. இந்த வரிசை மாறக்கூடாது. அதுக்கப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் கிடையாது.

- பரிசு மிட்டாய் இல்ல. பல் விளக்கினா மிட்டாய் தர்றேன்னு சொல்றவங்களும் இருக்காங்க! நாங்க காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு நட்சத்திரம் போடுறோம். காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா திட்டக் கூடாது, மறுநாள் தொடரணும்.

- டாக்டரைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. "விளக்கலைன்னா டாக்டர் ஊசி போடுவாரு"ன்னு சொன்னா, பின்னாடி நிஜமா வலிக்கும்போது வாயையே திறக்காது.

- ஆளுக்கு ஒரு பிரஷ். அண்ணன் தம்பிக்கு ஒரே பிரஷ் கூடாது. ஒண்ணு போலவே இருந்தா பிடியில் வேற வேற கலர் நூல் கட்டி வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். முடி விரிஞ்சு போனா அதுக்கு முன்னாடியே மாத்தணும்.

வேப்பங்குச்சியா, பல்பொடியா, பேஸ்டா?

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதின்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்க தாத்தா இன்னைக்கும் வேப்பங்குச்சிதான். நுனியை மென்னு பிரஷ் மாதிரி ஆக்கி நிதானமா விளக்குவாங்க. பெரியவங்களுக்கு அது சரி. சின்னப் பிள்ளைக்குக் குச்சி ஈறில் குத்திரும்.

உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், உப்பு இதெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம். பாத்திரம் விளக்குற மாதிரி பளிச்சுன்னு ஆகும். ஆனா சொரசொரப்பா இருக்கிறதால எனாமலைத் தேய்ச்சுரும். தேஞ்ச எனாமல் திரும்ப வளராது. புகையிலை கலந்த பொடி எந்த வயசுக்கும் கூடாது. பற்பசை, பல்பொடியில் புகையிலை சேர்க்கக் கூடாதுன்னு நம்ம நாட்டில் 1992-லேயே தடை போட்டுட்டாங்க.

பேஸ்ட் வாங்கும்போது டியூபில் ஃப்ளோரைடு இருக்குதான்னு படிச்சுப் பாருங்க. ஃப்ளோரைடு எனாமலைக் கெட்டியாக்கும். ஆனா விளம்பரத்தில் காட்டுற மாதிரி பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி பிதுக்கக் கூடாது.

*3 வயசுக்குக் கீழே: ஒரு அரிசி அளவு.*
*3 முதல் 6 வயசு வரை: ஒரு பட்டாணி அளவு.*

விளக்கி முடிச்சதும் நுரையைத் துப்பணும், விழுங்கக் கூடாது. துப்பின பிறகு நிறையத் தண்ணி விட்டுக் கொப்பளிக்காம இருந்தா மருந்து பல்லில் கொஞ்ச நேரம் நிக்கும்.

(கட்டம்) உங்களுக்குத் தெரியுமா?

ஃப்ளோரைடு கொஞ்சம் இருந்தா நன்மை, கூடினா தீமை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் வளருகிற வயசில் அந்தத் தண்ணீரைக் குடிச்ச பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுந்தது. அதுக்காகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீர் கொண்டு போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அந்தக் கறை அழுக்கு இல்ல, எவ்வளவு விளக்கினாலும் போகாது. அப்படி யாரையாவது பாத்தா கேலி செய்யாதீங்க.

நாம மட்டும் இல்ல

பால் பல் சொத்தை இருக்கிற குழந்தைகள் உலகத்தில் 51 கோடிக்கும் மேலே என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கு. பணக்கார நாட்டிலும் இது உண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் 2003-ல் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் 45 பேருக்குத்தான் சொத்தை இல்லாம இருந்தது. அப்புறம் அங்கே பாலர் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் தினமும் ஒண்ணா உட்கார்ந்து, டீச்சர் முன்னாடி பல் விளக்குற திட்டம் கொண்டு வந்தாங்க. வீட்டுக்குப் பிரஷும் பேஸ்டும் கொடுத்தாங்க. 2018-ல் பாத்தா 100-க்கு 71 பேர் சொத்தை இல்லாம இருந்தாங்க.

நம்ம நாட்டிலும் வழி இருக்கு. 2013-ல் தொடங்கின தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருசத்துக்கு இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வந்து பாக்கணும். அவங்க பாக்கிற நோய்ப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. தமிழ்நாட்டில் 2023-ல் "புன்னகை" என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனைத் திட்டமும் தொடங்கினாங்க. அதனால டாக்டர் வர்ற அன்னைக்கு யாரும் லீவு போடாதீங்க. பயந்து வாயை மூடாதீங்க. ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவும் இருக்கு. கறுப்புப் புள்ளி தெரிஞ்ச உடனே போகணும், கன்னம் வீங்கின பிறகு இல்ல.

ஒரு வேண்டுகோள்

நம்ம பள்ளியில் காலை உணவு போடுறாங்க, மதியம் சத்துணவு போடுறாங்க. மெல்ல முடியாத பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு எப்படி உடம்பில் ஒட்டும்? பல் வலியோட உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அ, ஆ எப்படி ஏறும்?

அதனால தலைமையாசிரியர் அவர்களிடம் பணிவோடு கேட்கிறோம். மதியச் சாப்பாடு முடிஞ்சதும் பத்து நிமிசம் ஒதுக்கித் தந்தா, ஒண்ணாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாயடியில் வச்சு நாங்க பல் விளக்கப் பழக்குவோம். எங்க வகுப்பில் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பா எடுத்துக்க இப்பவே 14 பேர் பெயர் கொடுத்திருக்காங்க. பிரஷில் பெயர் எழுதி, ஒண்ணோட ஒண்ணு படாம காத்தாட நிறுத்தி வைக்க, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி செஞ்சு வச்சிருக்கோம். பேஸ்டை டியூபில் இருந்து நேரா பிரஷில் வைக்காம, ஒரு தட்டில் பட்டாணி பட்டாணியா வச்சு அதிலிருந்து எடுக்கச் சொல்லுவோம். அப்பத்தான் ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போகாது. இது மதியத்துக்கு மட்டும்தான். ராத்திரி விளக்குறதுக்கு வீட்டில் உள்ள அக்கா அண்ணன்தான் பொறுப்பு. அதாவது இதைப் படிச்சுக்கிட்டு நிக்கிற நீங்க!

(கட்டம்) நீங்களே சோதிச்சுப் பாருங்க

1. 6 வயசில் பின்னாடி முளைக்கிற பல் விழுந்து முளைக்குமா?
2. ஒரு மிட்டாயை உடனே தின்கிறது நல்லதா, ஒரு மணி நேரம் சப்புறது நல்லதா?
3. 4 வயசுப் பிள்ளைக்குப் பேஸ்ட் எவ்வளவு?

(விடை: 1. முளைக்காது. 2. உடனே தின்னு வாய் கொப்பளிக்கிறது. 3. ஒரு பட்டாணி அளவு.)

பால் பல் விழுந்தா சாணி உருண்டையில் வச்சுக் கூரை மேலே எறிவோம், நல்ல பல் முளைக்கணும்னு வேண்டிக்குவோம். எறியலாம். ஆனா அந்தப் பல் தன் வயசு வரைக்கும் வாயில் இருந்து, தானா ஆடி, தானா விழுந்த பல்லா இருக்கட்டும்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

(பின்குறிப்பு: பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கீழே தொங்கவிட்டிருக்கும் தாளில் பென்சிலால் எழுதவும். பென்சிலைத் திரும்ப வைக்கவும்.)